பயிற்சி முடிந்த பிறகும் தாமே கற்கும் ஆசிரியர்களை உருவாக்குவது எப்படி?

கேள்வி – ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர்

வணக்கம். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறேன். கற்பித்தல் பயிற்சிக்குப் பள்ளி சென்று திரும்பும்போது அவர்கள் கொண்டுவரும் பதிவேடுகள் அழகாகவே இருக்கின்றன. ஆயினும் ‘இன்றைய வகுப்பில் நான் கற்றது’ என்ற பகுதியில் பெரும்பாலோர் ‘மாணவர்கள் ஆர்வத்துடன் கற்றனர்’ என்றுதான் எழுதுகிறார்கள். ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் பணித்திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. தமிழ்நாடு அக்கொள்கையை ஏற்கவில்லை என்றாலும், தமக்கு எது தேவை என்று தாமே கண்டறிந்து கற்கும் பழக்கம் நம் ஆசிரியர்களுக்கும் வேண்டியதுதானே? இரண்டு ஆண்டுகளுக்குள் அதை எப்படி ஏற்படுத்துவது?

பதில் – ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்

அம்மா, அந்தப் பகுதிக்கு மதிப்பெண் உண்டென்றால் முதலில் அதை நீக்குங்கள். மதிப்பெண் இருக்கும் இடத்தில் எந்தப் பயிற்சி மாணவரும் தம் வகுப்பு தோற்றதை எழுத மாட்டார். அடுத்து, ‘என்ன கற்றீர்கள்’ என்று கேட்காமல், ஒரே ஒரு குழந்தையின் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று ஒரு குழந்தை எழுதியிருந்தால், பயிற்சி மாணவர் அதைக் கவனக்குறைவு என்பார். குழந்தையை அருகில் அமர்த்திச் சொல்லச் சொன்னால், பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று நம்பி, ஏழிலிருந்து இரண்டைக் கழித்திருப்பது தெரியவரும். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டலாமா என்ற யோசனை அப்போதுதான் அவருக்குள் எழும். அந்த யோசனை எழுந்த ஆசிரியர், பாடநூலையும் பிறர் அனுபவத்தையும் தாமாகவே தேடிப் போவார்.

பதில் – ஈராசிரியர் பள்ளி ஆசிரியை

ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் நோட்டு மட்டும் போதாது என்பது என் அனுபவம். பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் என் ஐயங்களைக் கேட்க அருகில் ஆளில்லை. அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்திலும் தவறைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தருவதற்கான தமிழ்நாடு அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பயிற்சி நூல்கள் வருகின்றன. எனினும் ஒரு குழந்தை எப்போது அடுத்த நிலைக்கு நகரலாம் என்பதை வகுப்பில் நிற்பவர்தான் கவனித்து முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே பயிற்சிக் காலத்திலேயே இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் வகுப்பை மற்றவர் குறைகூறாமல் பார்த்துப் பேசப் பழக்குங்கள். என்னுடன் படித்த தோழியுடன் அப்படிப் பேசுவதுதான் இன்றுவரை என்னைத் தாங்குகிறது.

விரிவுரையாளர்

இருவருக்கும் நன்றி. அடுத்த கற்பித்தல் பயிற்சியில் அப்பகுதிக்கு மதிப்பெண் இடாமல், இணையராக ஒரு குழந்தையின் நோட்டை நான்கு வாரங்கள் தொடரச் செய்கிறேன். வழிகாட்டி ஆசிரியர்கள் பதிவேட்டின் அழகையே பார்த்துக் கையொப்பமிடும் வழக்கத்தை எப்படி மாற்றுவது என்பதையும் யாரேனும் எழுதினால் உதவியாக இருக்கும்.