அணையில் மிதவை மேடை: செயின் போதுமா, ரப்பர் கயிறு வேண்டுமா?

அம்பை பட்டறைக்காரன்:
அம்பாசமுத்திரத்தில் சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பக்கத்து அணை ஒன்றில் மீன் கூண்டு வேலைக்காக 12-க்கு 4 மீட்டரில் டிரம் வைத்து மிதவை மேடை செய்து கொடுத்தோம். நாலு மூலையிலும் செயின், நேர் கீழே ஒரு டன் கான்கிரீட் கட்டை. கார்த்திகையில் தண்ணீர் ஏறி நின்றபோது ஒரு குறையும் இல்லை. வைகாசியில் நீர் இறங்கிச் செயின் தொய்ந்ததும் மேடை தன் இஷ்டத்துக்குச் சுற்ற ஆரம்பித்தது, ஆனிக் காற்றில் பாறையில் மோதி ரெண்டு டிரம் காலி. வெளிநாட்டில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டுகிறார்களாமே, நம்ம ஊருக்கு ஒத்து வருமா?

மணிமுத்தாறு_118:
அண்ணாச்சி, ரப்பரை வாங்குவதற்கு முன்னால் கட்டையை எங்கே போட்டீர்கள் என்று பாருங்கள், நேர் கீழே போட்டதுதான் தப்பு. கணக்குப் போடுவோம். நீர் ஆழம் 5-லிருந்து 20 மீட்டராக ஏறினால் நேர் கீழே கட்டிய கயிறு 15 மீட்டர் நீள வேண்டும், எந்த ரப்பரும் தாங்காது. அதே கட்டையை 40 மீட்டர் தள்ளிப் போட்டால் சாய்வு நீளம் 40.3-லிருந்து 44.7, நாலரை மீட்டர்கூட இல்லை. பத்து மீட்டர் ரப்பரும் மீதி சாதாரணக் கயிறுமாக வைத்தால் பாதிக்கும் குறைவாகத்தான் இழுபடும், காற்றுக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். முக்கியம், நீர் மிகக் குறைவாக இருக்கும்போதும் ரப்பர் லேசாக இழுபட்ட நிலையில் இருக்கும்படி கட்ட வேண்டும், தொய்ந்தால் செயினுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

அப்புறம் அந்த ஒரு டன் கட்டை தண்ணீருக்குள் 580 கிலோதான், வழுக்காமல் பிடிப்பது அதிலும் பாதி என்று வையுங்கள். நொடிக்கு 20 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 24 கிலோ தள்ளும். மேடையில் ஷெட் போட்டிருந்தால் தொலைந்தது.

ரப்பர்காரன்:
சுவீடன் நாட்டு சீஃப்ளெக்ஸ் மாதிரி சாமான்களில் ரப்பரோடு பக்கத்திலேயே நீளாத கயிறு ஒன்று தொய்வாக ஓடும். ரப்பர் எல்லை தாண்டி இழுபடும்போது பாரத்தை அது வாங்கிக்கொள்ளும், இது இல்லாமல் செய்யாதீர்கள். ரப்பர் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும், வெயிலில் கிடந்தால் வெடிப்பு விட்டுவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷேக்கிளையும் (கயிற்றை மாட்டும் U வளையம்) துத்தநாகம் பூசிய ஜிஐ கம்பியையும் கலக்கவும் வேண்டாம், தண்ணீருக்குள் ஜிஐ சீக்கிரம் அரித்துவிடும்.

உவரிக்காரன்:
இதே முறையில் மிதக்கும் அலைத்தடுப்பு போட்டால் எங்கள் கடலுக்கு உதவுமா? கரையிலிருந்து கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டே வருஷம் போகிறது.

மணிமுத்தாறு_118:
உதவாது மச்சான். மூணு நாலு நொடிக்கு ஒருமுறை வரும் குட்டை அலையைத்தான் மிதவை உடைக்கும், ஏரிக்கும் காயலுக்கும் சரி. உங்கள் கரையில் காற்றே இல்லாமல் திடீரென்று ஏறுகிற கள்ளக்கடல் அலை தெற்கே வெகுதூரத்துப் புயலிலிருந்து வருவது, அலைக்கு அலை பன்னிரண்டு நொடிக்கு மேல், அதில் மிதவையும் சேர்ந்து ஏறி இறங்கும், அவ்வளவுதான். உங்களுக்குக் கல்தான்.

அம்பை பட்டறைக்காரன்:
ஷெட் போட்டிருக்கிறோம் அண்ணாச்சி. தகரத்தைக் கழற்றிவிட்டு, கட்டையை ரெண்டரை டன்னாக வார்த்து 40 மீட்டர் தள்ளிப் போடலாமென்று இருக்கிறேன். கரையிலிருந்து போகிற பலகைப் பாலம் நீர் இறங்கும்போது செங்குத்தாகிவிடுகிறதே, அதற்கு யாராவது வழி சொல்லுங்கள்.