புதுப்பிப்பு: கடைசியில் பழைய மினி டெஸ்க்டாப்பையே வாங்கினேன்

மகளின் படிப்புக்கு இன்டெலின் என்100 சிப் போட்ட புது மினி பிசி வாங்கலாமா, அலுவலகத்தில் ஓடிக் கழித்த பழைய பெட்டியா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பழையதுதான் வந்திருக்கிறது: லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, உள்ளே இன்டெலின் எட்டாம் தலைமுறை சிப்பான ஐ5-8500டி. ஆறு கோர் (கணக்குப் போடும் மையங்கள்), ரேம் நினைவகத்துக்கு இரண்டு ஸ்லாட். என்100க்கு நான்கு கோர்தான். ஆனால் மின்சாரம் குறைவாக இழுக்கும் 6 வாட் சிப். இரவுபகலாக ஓடும் வேலை என்றால் அதையே எடுத்திருப்பேன்.

கடைக்காரர் முதலில் காட்டியது ஏழாம் தலைமுறை ஐ5. விலை குறைவுதான், ஆனால் தயவுசெய்து அதை வாங்காதீர்கள். விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அப்புறம், அடாப்டரும் சேர்த்துத்தான் விலையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, தனியாக வாங்க வேண்டியதாயிற்று.