புதுப்பிப்பு: அம்மாவின் சைனஸுக்கு எக்ஸ்ரேயா, சிடியா?

எக்ஸ்ரே போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். டாக்டர் சொல்லி சிடி ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. எக்ஸ்ரேயில் வலது கன்னத்துச் சைனஸ் (கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறை) மங்கலாக இருப்பது மட்டும்தான் தெரிந்தது. கண்களுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன அறைகள் அதில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைந்துவிடும். சிடியில் காரணமே தெரிந்தது: மேல் கடைவாய்ப்பல் வேர் நுனியில் சீழ், அங்கிருந்து சைனஸுக்குத் தொற்று. ஒரு பக்கம் மட்டும் தொந்தரவு என்றால் தயவுசெய்து பல்லையும் காட்டுங்கள்!

சிடி எடுக்கும்போது, படம் தெளிவாகத் தெரிவதற்கான மருந்தை ஊசியில் போடுவார்களா என்று கேட்டவருக்கு: அம்மாவுக்குப் போடவில்லை, சாதாரண சைனஸ் சிடிக்குப் பொதுவாகத் தேவைப்படாது. எம்ஆர்ஐ ஸ்கேன் பெரும்பாலும் கட்டி, பூஞ்சை, அல்லது தொற்று கண்ணுக்கோ மூளைக்கோ பரவிய சந்தேகம் இருந்தால்தான். 2021 கருப்புப் பூஞ்சை சமயத்தில் நிறையப் பேருக்கு எடுத்தார்கள். அடுத்த வாரம் அம்மாவுக்குப் பல் வேர் சிகிச்சை.