பீட்டர் அண்ட் கார்டன் – ‘எ வேர்ல்ட் வித்தவுட் லவ்’: ரெண்டு கிட்டார், ரெண்டு குரல், சில சந்தேகங்கள்

ஆறுகம்பி:
பீட்டர் அண்ட் கார்டன்ங்கிற ரெட்டைப் பாடகர்கள் பாடி 1964-ல வந்த இந்தப் பாட்டை மேடையில நாங்க ரெண்டு பேர் பாடி வாசிக்கணும். ஒண்ணு ஆறு கம்பி கிட்டார், இன்னொண்ணு பன்னெண்டு கம்பி (ஆறு ஜோடி). ஸ்கேல் ஈ மேஜர், அதை மாத்த முடியாது. முதல் வரியில ஈ கார்டுக்கு அடுத்து வர்ற ஜி ஷார்ப் செவன் கார்டு சப்புன்னு இருக்கு, ரெக்கார்டுல கேக்குற இழுப்பு வரலை. பன்னெண்டு கம்பியில 4-ஆம் ஃப்ரெட் பார் (ஒரே விரலால எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கிறது) ரெண்டு சுத்துக்கு மேல கை தாங்காது. ஏ மைனர் வர்ற இடத்துல மேல் குரல் கிட்டாரோட ஒட்டவே மாட்டேங்குது. பீட்டில்ஸ் பாடின வெர்ஷன் இருந்தா அதையும் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்.

பேஸ்லைன்:
4-ஆம் ஃப்ரெட் பார் போடும்போது மூணாவது கம்பியில நடுவிரல் 5-ஆம் ஃப்ரெட்ல அழுந்துதான்னு பாருங்க. அந்த விரல் தூக்கிட்டா 4-ஆம் ஃப்ரெட்ல இருக்கிற பி கேக்கும், கார்டு ஜி ஷார்ப் மைனர் செவன் ஆயிடும். அது ஈ மேஜருக்குள்ளேயே இருக்கிற கார்டு, அதனால தப்புன்னு காதுக்குத் தெரியாது, சப்புன்னு மட்டும் இருக்கும்.

பாட்டோட உயிரே நடுவிரல் அழுத்துற அந்த ஒரு சுரம்தான். ஈ-யை ஸ-ன்னு வச்சா அது த1 (சுத்த தைவதம்; அதுக்கு அரை சுரம் மேல இருக்கிறது த2). ஈ, ஜி ஷார்ப் செவன், சி ஷார்ப் மைனர்னு போகும்போது உள்ளே ப – த1 – த2-ன்னு ஏறுது. ஈ, ஏ மைனர், ஈ-ன்னு திரும்பும்போது ப – த1 – ப. அதே சுரம் முதல்ல மேலே தள்ளுது, அப்புறம் கீழே விழுது. சங்கராபரண ராகத்துல போயிட்டு இருக்கிறது ஒரு நொடி சரசாங்கி ராகத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு வருது.

குரல் ஒட்டாததுக்கும் இதுதான் காரணம். மேல் குரல் கண்ணை மூடிட்டு ஸ்கேல்படி மூணாம் சுரத்துலயே போனா ஏ மைனர் மேல த2 பாடுவாங்க, கிட்டார் த1-ல நிக்கும். அரை சுரம் இடிக்கும். பாட்டு வார்த்தையை விட்டுட்டு, கிட்டார் கார்டு மாத்த மாத்த ப – த1 – த2, ப – த1 – ப மட்டும் முனகச் சொல்லுங்க. அது பிடிபட்ட பிறகு வார்த்தை போடலாம்.

காப்போராஜா:
பன்னெண்டு கம்பிக்கு ஈ ஷேப்பே வேண்டாம். காப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்துற ரப்பர் வச்ச கிளிப்) 4-ஆம் ஃப்ரெட்ல போட்டு, சி ஷேப் பிடிங்க. ஜி ஷார்ப் செவன் வெறும் ஓப்பன் ஈ செவன் ஆயிடும், சி ஷார்ப் மைனர் ஏ மைனர் ஷேப், எஃப் ஷார்ப் மைனர் டி மைனர், பி செவன் ஜி செவன். பாட்டுல வர்ற நிஜ ஏ மைனருக்கு மட்டும் எஃப் மைனர் ஷேப் வரும், அதை மேல் சுருதி நாலு ஜோடியில சின்ன பாரா போட்டா போதும். கம்பியை ஒரு முழு சுரம் இறக்கி வச்சிருந்தீங்கன்னா காப்போ 6.

காப்போ போட்டதும் தடிக் கம்பி ரப்பரைத் தூக்கிப் பிடிச்சுக்கும், பக்கத்துல இருக்கிற மெல்லிசு கம்பி சரியா அழுந்தாம கரகரக்கும். ஸ்பிரிங் கிளிப்பை விட திருகு வச்ச காப்போ நல்லது, ஃப்ரெட்டை ஒட்டி வைங்க. தடிக் கம்பிகள் சுருதி ஏறியிருக்கும், முதல்ல அதைச் சேருங்க, அப்புறம் அதோட ஜோடியை. ஜி கம்பியோட மெல்லிசு ஜோடி (தடிமன் .008 அல்லது .009 இஞ்ச்) எப்பவும் முதல்ல அறுந்துபோற கம்பி. ரெண்டு ஸ்பேர் கையில இல்லாம மேடை ஏறாதீங்க.

ரீல்டேப்:
பீட்டில்ஸ் இதை ரெக்கார்டு பண்ணி வெளியிடவே இல்லை. பீட்டில்ஸ்ல இருந்த மெக்கார்ட்னி பதின்ம வயசுல எழுதினது. முதல் வரியைக் கேட்டாலே கூட இருந்த லெனனுக்குச் சிரிப்பு. பாடகர் பில்லி ஜே கிராமரும் வேண்டாம்னுட்டார். மெக்கார்ட்னி அப்போ லண்டன் விம்போல் ஸ்ட்ரீட்ல, காதலி ஜேன் ஆஷர் வீட்டுல தங்கியிருந்தார். அவங்க அண்ணன்தான் பீட்டர். பாட்டோட நடுப்பகுதி எழுதப்படாமலே கிடந்ததை பீட்டர் அண்ட் கார்டனுக்காக முடிச்சுக் கொடுத்தார். அந்தப் பகுதி ஏ மைனர்லயே ஆரம்பிக்குது, கவனிங்க. ஏப்ரல் 1964-ல பிரிட்டன்ல பீட்டில்ஸோட ‘கான்ட் பை மீ லவ்’வைத் தள்ளிட்டு முதலிடம், ஜூன்ல அமெரிக்காவுலயும். ரெக்கார்டுல அந்தப் பன்னெண்டு கம்பி வாசிச்சது விக் ஃப்ளிக், ஜேம்ஸ் பாண்ட் தீம் கிட்டார் வாசிச்ச அதே ஆள்.

ஆறுகம்பி:
நடுவிரல்தான் கோளாறு, சரியாயிடுச்சு. ஆர்கன் சோலோ வர்ற சுத்துக்கு கீபோர்டு ஆள் கிடையாது, என்ன பண்ணலாம்?

பேஸ்லைன்:
அது வெர்ஸ் (நடுப்பகுதி இல்லாத, திரும்பத் திரும்ப வர்ற பகுதி) கார்ட்ஸ் மேலேயே வர்றதுதான். ஆறு கம்பி கார்ட்ஸைப் பிடிக்கட்டும், பன்னெண்டு கம்பி மேல் ரெண்டு ஜோடியில பாட்டு மெட்டையே வாசிக்கட்டும். வெர்ஸ் முடிவுல வர்ற சி, பி செவன் திருப்பத்தை ஆறு கம்பிக்கு விட்டுடுங்க. சி ஷேப்ல அது ஏ ஃப்ளாட் ஆகி மறுபடி பார் கேக்கும். கடைசி வெர்ஸ்ல மட்டும் அந்தத் திருப்பம் வேண்டாம், ஈ-யிலேயே நில்லுங்க.