கல்யாண போட்டோ ஜிப் ஃபைல்கள்: ஒண்ணு திறக்கவே மாட்டேங்குது, ஒண்ணு பாதியில நிக்குது. உதவி தேவை

கரிசல்மண்:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா கல்யாண போட்டோவை ஸ்டூடியோக்காரர் கூகுள் டிரைவ்ல ஏத்தி லிங்க் அனுப்பியிருக்கார். மாசக் கடைசி வரைக்கும்தான் லிங்க் இருக்குமாம். மொத்த ஃபோல்டரையும் டவுன்லோட் கொடுத்தேன். 001ல இருந்து 009 வரைக்கும் 9 ஜிப் (நிறைய ஃபைலை ஒண்ணா கட்டின பொட்டலம்) வந்திருக்கு. அதுபோக ரிசப்ஷன் வீடியோ மட்டும் ஜிப் இல்லாம தனியா வந்திருக்கு.

பக்கத்து வீட்டு அண்ணன், "முதல் ஜிப்பை மட்டும் திற, மத்தது தானா சேர்ந்துக்கும்"னு சொன்னார். 001ல ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்தா நலங்கு போட்டோ கொஞ்சம் வந்துச்சு, அவ்வளவுதான். முகூர்த்தப் படம் ஒண்ணுகூட இல்ல. மத்ததையும் தனித்தனியா திறந்து பார்த்தேன். 004க்கு "கம்ப்ரெஸ்டு ஃபோல்டர் இன்வேலிட்"னு வருது. 006 பாதி வரைக்கும் போய் "பாத் டூ லாங்"னு நின்னுடுது.

லேப்டாப் விண்டோஸ் 10. சி டிரைவ்ல 9 ஜிபி காலி, டி டிரைவ்ல 120 ஜிபி காலி. ஆல்பத்துக்கு எந்தெந்தப் படம்னு நம்பர் எழுதிக் கொடுக்கணும், அம்மா தினமும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சித்தப்பா பையன், ஜிப் ரிப்பேர் பண்ற சாஃப்ட்வேர் காசு கொடுத்து வாங்கலாம்ங்கிறான். வாங்கலாமா?

நெய்தல்:
ரிப்பேர் சாஃப்ட்வேர் இப்போ வாங்காதீங்க. அசல் படங்கள் இன்னும் கூகுள் டிரைவ்ல இருக்கு, அதனால பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு விஷயம் சொல்லுங்க: 9 ஜிப்போட அளவும் தனித்தனியா எவ்வளவு? எந்த இடத்துல விரிக்கிறீங்க, அதாவது எக்ஸ்ட்ராக்ட் பண்றீங்க?

கரிசல்மண்:
004ஐயும் 009ஐயும் தவிர மத்தது எல்லாம் 2 ஜிபிக்குக் கிட்டத்தட்ட இருக்கு. 009 வந்து 740 எம்பி. 004 மட்டும் 611 எம்பி. டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே வச்சுத்தான் விரிச்சேன். 004 இறங்கும்போது எங்க ஊர்ல கரண்ட் போய் வந்துச்சு.

நெய்தல்:
நல்லது, இப்போ விஷயம் புரிஞ்சுடுச்சு. உங்களுக்கு வந்திருக்கிறது மூணு தனித்தனிப் பிரச்சினை. ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்கு ஆகாது.

முதல்ல அந்த 001, 002 விஷயம். நம்பர் போட்டு வர்ற ஃபைல்கள் ரெண்டு வகை. ஒரே ஆர்க்கைவை, அதாவது ஜிப் மாதிரி ஒரு பொட்டலத்தை, துண்டு துண்டா வெட்டினது ஒரு வகை. அதுல நம்பர் கடைசியில இருக்கும்: ".7இசட்.001", ".ஜிப்.002" மாதிரி. ரார்ங்கிறது ஜிப் மாதிரியே இன்னொரு வகை, அதுல ".பார்ட்1.ரார்"னு இருக்கும். அதுக்கு எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டர்ல வச்சு முதல் துண்டை மட்டும் திறக்கணும். அண்ணன் சொன்னது அந்த வகைக்குச் சரி. உங்களோடது "-001.ஜிப்", "-002.ஜிப்"னு நம்பருக்குப் பின்னாடி ஜிப் வருது பாருங்க. கூகுள் டிரைவ் பெரிய ஃபோல்டரை இப்படித்தான் பிரிச்சுக் கொடுக்கும். ஒவ்வொண்ணும் முழுமையான தனி ஜிப். ஒண்ணைத் திறந்தா இன்னொண்ணு சேராது, 9ஐயும் விரிச்சே ஆகணும். ரொம்பப் பெரிய வீடியோவை ஜிப்புக்குள்ள போடாம வெளியில தனியா கொடுத்துடும். அந்த ரிசப்ஷன் வீடியோ தனியா வந்தது அதனாலதான், அதுல குறை எதுவும் இல்ல.

அடுத்தது 004. ஜிப்போட பொருளடக்கம் ஃபைலோட கடைசியில இருக்கும், புத்தகத்துக்கு நேர் எதிரா. எந்தப் படம் எந்த இடத்துல தொடங்குதுங்கிற பட்டியல் முழுக்க வால்பகுதியிலதான் எழுதப்படும். இறங்கும்போது நடுவுல அறுந்தா போறது அந்த வால்தான். உள்ள நூத்துக்கணக்கான படம் பத்திரமா இருந்தாலும் பட்டியல் கிடைக்காததால விண்டோஸ் "இன்வேலிட்"னு கையை விரிச்சுடும். அளவு 2 ஜிபிக்குப் பதிலா 611 எம்பின்னு நிக்கறதே போதும், 004 முழுசா இறங்கல.

கடைசியா 006. விண்டோஸ்ல ஒரு ஃபைலோட முழுப் பாதைக்கும், அதாவது டிரைவ் எழுத்துல தொடங்கி ஃபைல் பெயர் முடியுற வரைக்கும், வழக்கமான வரம்பு 260 குறி. எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்தா டவுன்லோட்ஸுக்குள்ள ஜிப்போட நீளமான பெயர்லயே ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள கல்யாண ஃபோல்டர், அதுக்குள்ள சடங்கு ஃபோல்டர்னு பாதை நீண்டுக்கிட்டே போகும். ஸ்டூடியோக்காரர் ஃபோல்டருக்குத் தமிழ்ல பெயர் வச்சிருந்தா இன்னும் சீக்கிரம் நிரம்பும். புள்ளி, கொம்பு, கால் எல்லாத்தையும் கணினி தனிக் குறியா எண்ணும். "முகூர்த்தம்" நமக்கு 6 எழுத்து, விண்டோஸுக்கு 11 குறி.

இப்போ செய்ய வேண்டியது. டி டிரைவ்ல நேரடியா "க"ன்னு ஒரே எழுத்துல ஒரு ஃபோல்டர் போடுங்க. 9 ஜிப்பையும் அதுக்கு மாத்துங்க. ஜிப்பைத் திறக்கிற செவன்-ஜிப் சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணுங்க, இலவசம்தான். 004ஐ மட்டும் விட்டுட்டு மத்த 8ஐயும் சேர்த்து செலக்ட் பண்ணி, ரைட் கிளிக், செவன்-ஜிப், "டெஸ்ட் ஆர்க்கைவ்" கொடுங்க. ஜிப்புக்குள்ள ஒவ்வொரு படத்துக்கும் சிஆர்சின்னு ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். அது பொருந்துதான்னு ஒவ்வொண்ணா பார்க்கும். பிழை எதுவும் வரலேன்னா அதே 8ஐயும் செலக்ட் பண்ணி "எக்ஸ்ட்ராக்ட் ஹியர்". எல்லா ஜிப்லயும் மேல் ஃபோல்டர் பெயர் ஒண்ணுதான், அதனால படங்கள் தானா ஒரே ஃபோல்டர்ல வந்து சேரும். "ரீப்ளேஸ் பண்ணவா"ன்னு கேட்டா "ஆட்டோ ரீநேம்" கொடுங்க, எதையும் அழிக்க வேண்டாம்.

செவன்-ஜிப் ஜன்னல்ல இருந்து படத்தை இழுத்து வெளியில போடாதீங்க. அப்படி இழுத்தா முதல்ல டெம்ப்ங்கிற தற்காலிக ஃபோல்டருக்குப் போய்த்தான் வரும். அது உங்க சி டிரைவ்ல, அங்க 9 ஜிபிதான் இருக்கு. போட்டோ இருக்கிற ஜேபிஜி ஏற்கனவே சுருக்கின வடிவம், அதனால 15 ஜிபி ஜிப்பை விரிக்க இன்னொரு 15 ஜிபி கட்டாயம் வேணும்.

வைகைக்கரை:
நெய்தல் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. செவன்-ஜிப்பை அதோட சொந்தத் தளத்துல இருந்து மட்டும் எடுங்க. அதை எழுதின இகோர் பாவ்லோவ் 1999ல இருந்து காசு வாங்காமக் கொடுத்துக்கிட்டு வர்றார். தேடினா மேல விளம்பரமா வர்ற முதல் லிங்க்கை நம்பி இறக்க வேண்டாம், அதே பெயர்ல வேற ஏதாவது ஒட்டிக்கிட்டு வரும். "பணம் கட்டுங்க"ன்னு கேட்டா அது செவன்-ஜிப்பே இல்ல.

அப்புறம், சிலருக்கு ஜிப்ங்கிற பெயர்ல சில கேபி மட்டும் இறங்கியிருக்கும். அது ஜிப்பே இல்ல, தளத்தோட பிழைப் பக்கம். அந்த மாதிரி சின்ன ஃபைலை நோட்பேட்ல திறந்து பாருங்க. உண்மையான ஜிப்னா பொதுவா "பிகே"ங்கிற ரெண்டு எழுத்துல தொடங்கும். 1989ல இந்த வடிவத்தை உருவாக்கின ஃபில் காட்ஸோட முதலெழுத்து அது.

தேன்கூடு:
நடுவுல கேக்கறதுக்கு மன்னிக்கணும். பழைய ஹார்டு டிஸ்க்ல பார்ட்1ல இருந்து பார்ட்5 வரைக்கும் ரார் ஃபைல் இருக்கு, பார்ட்3 மட்டும் காணோம். மிச்சத்தையாவது எடுக்க முடியுமா?

நெய்தல்:
தேன்கூடு, பக்கத்துல ".ரெவ்"னு முடியுற ஃபைல் ஏதாவது இருக்கான்னு பாருங்க. ரார் உருவாக்கினவங்க மீட்புத் துண்டும் சேர்த்துப் போட்டிருந்தா அது இருக்கும். அதை வச்சு வின்ரார் (ரார் ஃபைலுக்கான சாஃப்ட்வேர்) பார்ட்3ஐத் திரும்ப உருவாக்கிடும். இல்லேன்னா பார்ட்3ல கால் வச்சிருக்கிற ஃபைல் எதுவும் முழுசா வராது. முழுசும் ஒரே பெரிய வீடியோன்னா அதை விட்டுட வேண்டியதுதான்.

கரிசல்மண்:
நெய்தல் அண்ணா, 8ம் டெஸ்ட்ல பாஸ். விரிச்சும் முடிச்சாச்சு, பாத் பிரச்சினை வரவே இல்ல. 006ல "மணமகள் வீட்டார் உறவினர்கள் குடும்பப் படங்கள்"னு ஒரு ஃபோல்டர் பெயர் இருக்கு, அதான் நீட்டமா போயிருக்கு. 004ஐ செவன்-ஜிப்ல திறந்தா "அனெக்ஸ்பெக்டட் எண்ட்"னு சொல்லுது, ஆனா உள்ள படங்களோட பெயர் தெரியுது! எடுக்கலாமா?

நெய்தல்:
எடுங்க, ஆனா "004"னு தனி ஃபோல்டர்ல எடுங்க, நல்ல படங்களோட கலக்க வேண்டாம். பொருளடக்கம் போனாலும் ஒவ்வொரு படத்துக்கு முன்னாடியும் சின்னதா ஒரு தலைப்பு இருக்கும், செவன்-ஜிப் அதைப் பிடிச்சுக்கிட்டு அறுந்த இடம் வரைக்கும் போகும். கடைசிப் படம் மட்டும் மேல் பாதி சரியா இருந்து கீழ் பாதி சாம்பல் நிறமா நிக்கலாம். அதை நீக்கிடுங்க.

மிச்சத்துக்கு மறுபடி மொத்த ஃபோல்டரையும் இறக்காதீங்க. கூகுள் டிரைவ் புதுசா ஜிப் போடும், பிரிக்கிற இடம் முன்ன மாதிரியே இருக்கும்னு சொல்ல முடியாது. புது 004ல பழைய 004ல இருந்ததே வரும்னு நம்ப முடியாது. கூகுள் டிரைவ்ல ஒவ்வொரு சடங்கு ஃபோல்டரையும் திறந்து, அடி வரைக்கும் ஸ்க்ரோல் பண்ணிட்டு கண்ட்ரோல்-ஏ அழுத்துங்க. மேல எண்ணிக்கை காட்டும். உங்க டி டிரைவ்ல இருக்கிற அதே ஃபோல்டர் எண்ணிக்கையோட ஒப்பிடுங்க. குறையுற ஃபோல்டரை மட்டும் இறக்குங்க.

கரிசல்மண்:
ஒப்பிட்டுப் பார்த்தேன். முகூர்த்தமும் சாப்பாட்டுப் பந்தியும்தான் குறைஞ்சது. அந்த ரெண்டை மட்டும் இறக்கி, டெஸ்ட் பண்ணி, விரிச்சாச்சு. இப்போ எல்லா ஃபோல்டரும் கூகுள் டிரைவ் எண்ணிக்கையோட சரியா இருக்கு. தாலி கட்டுற படம் வந்ததும் அம்மா லேப்டாப்பை விட்டு நகரவே இல்ல. ரொம்ப நன்றி அண்ணா, வைகைக்கரைக்கும் நன்றி. ஜிப் எல்லாத்தையும் இப்போ அழிச்சுடலாமா?

நெய்தல்:
ரொம்ப சந்தோஷம். அறுந்த 004ஐ அழிச்சுடலாம். மத்ததை இப்போ வேண்டாம். விரிச்ச ஃபோல்டரை வெளி ஹார்டு டிஸ்க்ல ஒரு காப்பி போட்டு, அங்க இருந்து நாலஞ்சு படம் திறந்து பார்த்துட்டு அப்புறம் அழிங்க. பென்டிரைவ்ல போடறதா இருந்தா, அந்த ரிசப்ஷன் வீடியோ 4 ஜிபிக்கு மேல இருந்தா ஃபேட்32ங்கிற பழைய முறையில ஃபார்மட் பண்ணின பென்டிரைவ் அதை ஏத்துக்காது, எவ்வளவு இடம் காலியா இருந்தாலும் சரி. எக்ஸ்ஃபேட்ங்கிற முறையில ஃபார்மட் பண்ணிக்கோங்க. ஃபார்மட் பண்ணா பென்டிரைவ்ல இருக்கிறது எல்லாம் போயிடும், அதுல ஏதாவது இருந்தா முதல்ல எடுத்து வச்சுடுங்க. லிங்க் மாசக் கடைசியில போயிடும்னு சொன்னீங்க, அதுக்கு முன்னாடி இந்தக் காப்பி வேலையை முடிச்சுடுங்க.