வாயில் போட்ட தீ எங்கே போச்சு? குழந்தைகளுக்குத் தீயைச் சொல்லிக்கொடுத்த அனுபவங்கள்

தேவகோட்டை ஆயா:

போன பிள்ளையார் நோன்புக்கு மகளும் பேரப்பிள்ளைகளும் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். நோன்பு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணி, 21 நூலிழைகளைச் சேர்த்துத் திரித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்த இழைமாவில் வைத்து நெய்யிட்டு ஏற்றுவோம். வீட்டுப் பெரியவர் எடுத்துத் தர, சுடர் எரிய எரிய அப்படியே வாயில் போட்டுக்கொள்வோம்.

ஆறு வயதுப் பேரன் அன்றுதான் முதன்முறை இழை எடுத்தான். எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "ஆயா, வாய்க்குள்ள போன தீ எங்க போச்சு? வயித்துல எரியுமா?" பிள்ளையார் வாங்கிக்கொண்டார் என்று பக்கத்தில் ஒரு ஆச்சி சொன்னார்கள். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை வயிற்றின்மேல் வைத்த கையைத் தூங்கும்வரை எடுக்கவில்லை. நடுநிலைப் பள்ளியில் முப்பது வருஷம் அறிவியல் எடுத்தவள் நான். அந்தக் கையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் காலை, காற்று அடிக்காத இரண்டாங்கட்டு மூலையில் மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி வைத்தேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். தீப்பெட்டி என் கையில் மட்டும். சுடரை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக் கோடு எழும்பியது. எரிகிற தீக்குச்சியை இரண்டு விரல்கடை மேலே, அந்தப் புகையில் காட்டினேன். குச்சி திரியைத் தொடவே இல்லை. தீ புகை வழியாகக் கீழே பாய்ந்து திரியில் உட்கார்ந்துகொண்டது. "இன்னொரு தடவை!" என்றான். ஏழெட்டுத் தடவை செய்தோம். அந்தப் புகை, உருகி ஆவியாகிக் குளிர்ந்த மெழுகுதான். எரிவது அந்த ஆவி. திரியின் வேலை மெழுகை மேலே இழுத்துக் கொடுப்பது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 டிசம்பரில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றியே ஆறு உரைகள் தொடங்கினார். அதில் முதல் உரையிலேயே இதைச் செய்து காட்டியிருக்கிறார்.

அப்புறம் எவர்சில்வர் கரண்டியை மஞ்சள் சுடருக்குள் நுழைத்தேன். கரி படிந்தது. "ஆயா, கண்ணுமை!" என்றாள் பேத்தி. விளக்கெண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து நாங்கள் மை எடுப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அந்தக் கரித்துகள்கள்தான் சூடேறி மஞ்சளாக ஒளிர்கின்றன. பிறகு குளிர்ந்த டம்ளரைச் சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தேன். உள்பக்கம் பனி படர்ந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார்கள், ஈரம். தீயிலிருந்து தண்ணீர்! மெழுகில் இருக்கும் ஹைட்ரஜன் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்ந்தால் தண்ணீர். ஹைட்ரஜன் என்ற பெயர் அவர்களுக்கு இப்போது வேண்டாம். ஈரத்தைத் தொட்டது போதும்.

கடைசியில்தான் அவன் கேள்விக்கு வந்தேன். பம்பரத்தைச் சுற்றவிட்டேன். நின்றதும், "சுத்தினது எங்கடா போச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பம்பரத்தையே பார்த்தான். "எங்கயும் போகல. நின்னுபோச்சு." தீயும் அப்படித்தான் என்றேன். எரியும் ஆவி, சூடு, காற்று மூன்றும் சேர்ந்து நடக்கிற ஒரு வேலை அது. வாயை மூடினால் புதுக் காற்று வராது. எச்சில் சூட்டை வாங்கிக்கொள்ளும். வேலை நின்றுவிடும். வயிற்றுக்குள் போனது மாவும் வெல்லமும் நெய்யும் நூலும் மட்டும்தான்.

கை வயிற்றிலிருந்து இறங்கியது. உங்கள் வீடுகளில் பிள்ளைகள் தீயைப் பற்றி என்ன கேட்டார்கள்? எழுதுங்கள்.

கோட்டையூர் மருமகள்:

என் மகள் கேட்டது ஊதாங்குழலைப் பற்றி. அப்பத்தா ஊதினால் அடுப்பு கொழுந்துவிடுகிறது, நான் ஊதினால் விளக்கு அணைகிறது, ஏன்? எனக்குப் பதில் வர இரண்டு நாள் ஆனது. விளக்கின் சுடர் சின்ன ஆவியை நம்பி நிற்கிறது. ஊதினால் அந்த ஆவி தள்ளிப் போய்விடும், மறுபடி பற்றவைக்கத் திரியில் அவ்வளவு சூடு இல்லை. விறகுத் தணலோ உள்ளுக்குள் சூட்டைச் சேர்த்து வைத்திருக்கிறது, ஊதுவது அதற்கு ஆக்ஸிஜன் கொடுக்கிறது. நாம் வெளியே விடும் மூச்சிலும் சுமார் 16 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்கத்தான் செய்கிறது. சாம்பல் பூத்த தணலை அவளையே குழலால் ஊதச் சொன்னேன், நான் தோளைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு ஊதலுக்கும் கங்கு சிவந்து சிவந்து அடங்கியது. அதற்குப் பிறகு என் விளக்கம் அவளுக்குத் தேவைப்படவில்லை.

கரிமூட்டத்துப் பிள்ளை:

எங்கள் அப்பா சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரி எடுக்கும் மூட்டம் போட்டவர். சின்ன வயதில் நான் கேட்டேன், "தீ வச்சுட்டு மேல மண்ணைப் போட்டா அணைஞ்சிடாதாப்பா?" அவர் சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. "முழுசா மூடுனா அணையும். முழுசா திறந்தா சாம்பல். பாதி மூச்சு விட்டா கரி." அறிவியல் புத்தகம் படிக்காதவர். முதலில் வெள்ளைப் புகை வரும், அது விறகின் ஈரம். பிறகு விறகின் ஆவிகள் வெளியேறும், மிஞ்சுவது கரி. ஆவியெல்லாம் போய்விட்டதால்தான் கரி அடுப்பு பெரிதாகக் கொழுந்துவிடாமல் கனன்று எரிகிறது. ஆயா சொன்ன மெழுகுப் புகையோடு இதையும் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: கதவை மூடிய அறையில் கரி அடுப்பு கூடவே கூடாது. அதன் நச்சுக் காற்றுக்கு வாசனையே கிடையாது.

காரைக்குடி டியூஷன் அக்கா:

தட்டுத் தண்ணீரில் மெழுகுவத்தியை நிறுத்தி, டம்ளரைக் கவிழ்த்து, "ஆக்ஸிஜன் தீர்ந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறுது" என்று பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். நான் படித்த பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தரையோடு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, எரியும்போது ஏறலையே, அணைஞ்சப்புறம்தானே சர்ருனு ஏறுது? முன்னாடி ஓரத்துல முட்டை விட்டுச்சே?" என்றான். அவன் பார்த்தது சரி. சூட்டில் விரிந்த காற்று குமிழ் குமிழாக வெளியே போகிறது, அதைத்தான் அவன் முட்டை என்றான். சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, தண்ணீர் ஏறுகிறது. ஏறுவதில் பெரும்பங்கு இதுதான். ஆக்ஸிஜன் முழுதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். அடுத்த நாள் எல்லாப் பிள்ளைகளையும் உட்காரவைத்து, நான் தவறாகச் சொன்னேன் என்று சொல்லி மறுபடி செய்து காட்டினேன்.

தேவகோட்டை ஆயா:

அக்கா செய்ததைப் படித்ததும் மனம் நிறைந்தது. நானும் அந்தத் தவறான விளக்கத்தைத்தான் எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மூடினால் அணையும் என்பதைப் பேத்தி எண்ணெய்ச் சட்டியோடு சேர்த்துக் கேட்டாள். பலகாரச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் ஒரு நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை வாரி இறைக்கும். அடுப்பை நிறுத்தி மூடியால் மூட வேண்டும், அதுவும் பெரியவர்கள். பிள்ளைகளின் வேலை விலகி ஓடிக் கூப்பிடுவது.

நேற்று போனில் பேரன் அடுத்த கேள்வியைக் கேட்டான். சூரியன்கிட்ட காற்றே இல்லையாமே, அது எப்படி எரிகிறது? அங்கே எரிவதே இல்லை, ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது வரும் வெளிச்சம் அது என்று எனக்குத் தெரியும். ஆறு வயதுக்கு அதை எதைக் காட்டிச் சொல்வது? சொல்லிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவான்.