புதுப்பிப்பு: அலபாமா மாநிலத்து பர்மிங்காம் போய் வந்தாச்சு

வேலை விஷயமாக அமெரிக்காவின் பர்மிங்காம் போகிறேன், மிச்ச நேரத்தில் எங்கே போகலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா, பாதிப் பேர் வல்கன் (ரோமானிய நெருப்புக் கடவுள்) சிலை, பாதிப் பேர் 16வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயம் என்றீர்கள். நேரம் குறைவு என்றால் தேவாலயம்தான், யோசிக்கவே வேண்டாம்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் 4 கறுப்பினச் சிறுமிகள் இறந்தது இங்கேதான். எதிரே கெல்லி இங்கிராம் பூங்கா. அதே வருஷம் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன பிள்ளைகள் மேல் போலீஸ் நாய்களை ஏவிய இடம். நடைபாதையின் இரு பக்கமும் பாய்ந்து வரும் நாய்ச் சிற்பங்கள், நடுவில் நாம் நடந்து போக வேண்டும். உடம்பு தானாகச் சுருங்குகிறது. பக்கத்திலேயே 1992இல் திறந்த சிவில் உரிமைப் போராட்ட அருங்காட்சியகம், அவசரமாகப் பார்க்கிற இடமில்லை.

அரங்கம் கேட்டவர்களுக்கு: 1927இல் கட்டிய அலபாமா தியேட்டரில் அந்தக் காலத்து வுர்லிட்சர் ஆர்கன் (வுர்லிட்சர் கம்பெனி செய்த பெரிய குழாய் இசைக்கருவி) இன்னும் இருக்கிறது. எதிர்ப்புறம் 1914இன் லிரிக் தியேட்டர், பல வருஷம் பாழடைந்து கிடந்து 2016இல் மறுபடி திறந்தது. அங்கே கறுப்பின மக்கள் அன்று பால்கனியில் தனியாகத்தான் உட்கார முடியும்.

ஸ்லாஸ் இரும்பு உலை 1971இல் நின்றுபோனது, இப்போது அங்கே உலோகச் சிற்பம் வார்க்கிறார்கள். வல்கன்? 56 அடி வார்ப்பிரும்பு, சரி, ஆனால் பின்பக்கம் துணியில்லை, குடும்பத்தோடு போகிறவர்கள் சிரிப்பை அடக்கத் தயாராக இருங்கள். கலை அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் கிடையாது, வெட்ஜ்வுட் என்ற இங்கிலாந்துப் பீங்கான் பிடிக்குமென்றால் விடாதீர்கள்.